துக்க வீட்டுக்குப் போகாத சாட்சி

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 32. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பரம்பரைக் கிறிஸ்தவன்தான் என்றாலும், இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் எழுப்புதல் கூட்டத்தில்தான் என்னை ஒப்புக்கொடுத்தேன். அன்றிலிருந்து சிகரெட் இல்லை, சினிமா இல்லை. வெள்ளிதோறும் உபவாசம். அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் சுவிசேஷக் கைப்பிரதி வைக்கிறேன். ஆயுத பூஜை அன்று பக்கத்து மேசை அண்ணன் பொரியும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தார். "விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடமாட்டேன், இப்படியே போனால் உங்களுக்கு நரகம்தான்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அடுத்த மாதம் அவருடைய அப்பா இறந்துவிட்டார். சடங்கு நடக்கும் வீடு என்பதால் நான் போகவில்லை. இப்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இத்தனை நாளில் ஓர் ஆத்துமாகூட ஆதாயமாகவில்லை. "நீ சிகரெட் பிடித்த காலத்தில் வீட்டில் இருந்த நிம்மதி இப்போது இல்லை" என்று அம்மாவே சொல்கிறார்கள். எங்கள் சபையில் ஒருவர் இதைச் சிலுவைப் பாடு என்கிறார். இன்னொருவர் சுயநீதி என்கிறார். எது சரி? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. சுற்றி வளைத்து நாலு ஆறுதல் வசனம் எழுதிவிட்டு அப்புறம் இதைச் சொல்வதில் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. கிறிஸ்துவுக்காகப் படும் பாடு ஒன்று உண்டு, நம் வாயால் நாமே வாங்கிக் கட்டிக்கொள்ளும் பாடும் ஒன்று உண்டு. பேதுரு இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறார். கொலைபாதகனாகவோ திருடனாகவோ பாடுபடாதேயுங்கள் என்று ஆரம்பித்தவர், அதே வரிசையில் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாயாவது" என்பதையும் சேர்த்துவிடுகிறார். கொலைகாரனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிற அளவுக்கு அது அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டிருக்கிறது. இதன்பேரில் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

பொங்கலை வாங்காததில் தவறில்லை. படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் சாப்பிடாதேயுங்கள் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் சாப்பிடாதே என்றாரே தவிர, கொடுத்தவனுக்குத் தீர்ப்பு எழுதிக்கொடு என்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், இதே படையல் விஷயத்தைத் தொடங்கும்போதே, "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று எழுதி வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார். "அண்ணே, நான் படையல் சாப்பிடுவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள், வாருங்கள் டீ குடிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் உங்கள் மனசாட்சியும் காப்பாற்றப்பட்டிருக்கும், அவருடைய முகமும் வாடியிருக்காது. வீட்டில் அவர் மனைவி விடிகாலையில் எழுந்து கிண்டிய பொங்கலாக இருந்திருக்கும். பிரியத்தோடுதான் உங்கள் மேசைக்கும் கொண்டுவந்திருப்பார்.

பொங்கலையாவது மன்னித்துவிடலாம். துக்க வீடு அப்படியல்ல. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் ஊரில் படிக்காதவனுக்கும் தெரிந்த நியாயம். வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட அன்றைக்கு வந்து பந்தலுக்குள் நின்றுவிட்டுப் போவான். அங்கே போனால் சடங்கில் கலந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மாலை போட வேண்டாம், வாய்க்கரிசி போட வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், சுடுகாடுவரை கூடவே நடந்திருக்கலாம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றிருக்கலாம். பாடையைத் தொட்டால் தீட்டு என்றிருந்த சமூகத்தில் நாயீன் ஊர் வாசலில் நம் ஆண்டவர் கிட்டப்போய்ப் பாடையைத் தொட்டார். லாசருவின் ஊரில் கண்ணீர் விட்டார். நீங்கள் பரிசுத்தத்தைக் காத்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டீர்கள். அந்த அலுவலகம் உங்களைக் கைவிட்டது ஆயுத பூஜை அன்று என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்துப் பாருங்கள். சிகரெட் இல்லை, சினிமா இல்லை, வெள்ளிதோறும் உபவாசம். லூக்கா 18-ல் ஒரு பரிசேயர், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்தவர், தேவாலயத்தில் நின்று ஜெபிக்கிறார்: பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் போல நான் இல்லை, வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் செலுத்திவருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பரிசேயன் தன்னைத்தான் புகழ்ந்துகொண்டதாக நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் அவன் ஜெபம் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று தேவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு போகிறது. எழுப்புதல் அடைந்தவர்களின் சுயநீதி இப்படித்தான் வரும். அது பெருமை பேசுகிற குரலில் வருவதில்லை, சாட்சி சொல்கிற குரலில் வரும். அதனால்தான் சொல்கிறவனுக்கு அது பிடிபடுவதே இல்லை. கேட்கிறவனுக்கு மட்டும் முதல் வாக்கியத்திலேயே பிடிபட்டுவிடும்.

எழுப்புதல் கூட்டம் முடிந்த மறுவாரம் குருமனைக்கு மாமியார் மருமகள் வழக்கு வருவது எந்த ஆயருக்கும் பழக்கமான விஷயம். மூன்று நாள் அழுது ஜெபித்தவர்கள் நாலாம் நாள், அழாதவர்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஓர் எழுப்புதலைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டு எழுப்புதல்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் 1860-ல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் காலத்தில் ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாவங்களை அறிக்கையிட்டதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்ல வருவது கிழக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி. நீங்கள் கேட்ட கேள்வி அங்கே அப்படியே எழுந்தது.

ருவாண்டாவில் முகாசி ஏரிக்கு மேலே காகினி என்ற ஊரில் ஒரு மிஷன் மருத்துவமனை. ஜோ சர்ச் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் அங்கே வந்து சேர்ந்தார். வந்ததும் பஞ்சம். பசித்தவர்களைப் பார்த்துப் பார்த்து உடலும் மனமும் சோர்ந்து, 1929 செப்டம்பரில் ஓய்வுக்காக உகாண்டாவின் கம்பாலாவுக்குப் போனார். அங்கே சிமியோனி நிசிபாம்பி என்ற உகாண்டா விசுவாசியைச் சந்தித்தார். வெள்ளைக்கார மிஷனரியும் கறுப்பின விசுவாசியும் சரிசமமாக உட்கார்ந்து, தங்களுக்கு ஏதோ குறைவாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, வேதத்தைத் திறந்து வைத்துச் சேர்ந்து தேடினார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் இதுவே சாதாரணமில்லை.

ஆனால் காகினியில் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஊழியர்களுக்குள் மனஸ்தாபம், மிஷனரிகள்மேல் கசப்பு. மருத்துவமனையின் தலைமை உதவியாளர் யோசியா கினூகாவுக்கும் ஜோ சர்ச்சுக்கும் ஒத்துப்போகவில்லை. கினூகா கம்பாலாவுக்குப் போய் நிசிபாம்பியைப் பார்த்தார். காகினியில் வேலை எப்படி நடக்கிறது என்று அவர் விசாரித்ததும், இவர் குறைகளையெல்லாம் கொட்டித் தீர்த்தார். நிசிபாம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கோளாறு மருத்துவமனையில் இல்லை, உன் உள்ளத்தில் இருக்கிற பாவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்புகிற வழியில் அந்த வார்த்தை அவரைக் குடைந்தது. காகினிக்கு வந்து இறங்கியபோது அவர் வேறு ஆளாக இருந்தார். நோயாளிகள் அதைப் பார்த்தார்கள், கூட வேலை செய்தவர்கள் பார்த்தார்கள். 1933 டிசம்பரில் காகினியில் நடந்த கூட்டத்தில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் பாவங்களை அறிக்கையிட்டது அதற்குப் பிறகுதான். அங்கிருந்து உகாண்டா, கென்யா, டாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) என்று அது பரவியது.

அந்த எழுப்புதலில் வந்தவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், யாரிடம் தப்பு செய்தார்களோ அந்த ஆளின் வாசலுக்கே போய் நின்றது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள், பேசாதவர்களிடம் போய்ப் பேசினார்கள். பிற்காலத்தில் உகாண்டாவில் கிகேசி பேராயராக இருந்த ஃபெஸ்டோ கிவெங்கெரே இளம் ஆசிரியராக மனந்திரும்பியபோது, தான் வெறுத்துவந்த ஓர் ஆங்கிலேயரிடம் சைக்கிளில் நெடுந்தூரம் போய், உங்களை வெறுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வெள்ளைக்காரர்தான் ஆள்கிறவர், அநியாயம் அவர் பக்கமும் எவ்வளவோ இருந்தது. அந்தக் கணக்கை இவர் அன்றைக்கு எடுக்கவே இல்லை.

அவரே சொன்னதாக இன்னொரு சம்பவமும் உண்டு. ஒருநாள் பிரசங்கத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் மனைவியோடு வாக்குவாதம் வந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேள் என்று உள்ளத்தில் உணர்த்தப்படுகிறார். "ஆண்டவரே, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, பிரசங்கம் முடித்துவிட்டு வந்து சரி செய்கிறேன்" என்று பேரம் பேசுகிறார். "சரி, நீ போய்ப் பிரசங்கம் செய். நான் இங்கேயே உன் மனைவியோடு இருந்துகொள்கிறேன்" என்று பதில் வந்ததாம். மனிதர் திரும்பிப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள்.

அங்கேயும் சுயநீதி புகாமல் இல்லை. 1941-ல் உகாண்டாவின் முகோனோ இறையியல் கல்லூரியில் எழுப்புதல் மாணவர்கள் விடிகாலையில் எழுந்து ஜெபித்து, மற்றவர்களையும் மனந்திரும்பச் சொல்லிப் பிரசங்கித்தார்கள். நிர்வாகம் தடுத்தது, அவர்கள் கேட்கவில்லை, 26 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கல்லூரியின் விசுவாசம் குளிர்ந்துபோயிருந்தது என்பார்கள் ஒரு சாரார், மாணவர்கள் தங்களைத் தவிர யாரும் இரட்சிக்கப்படவில்லை என்பதுபோல நடந்துகொண்டார்கள் என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. அந்த எழுப்புதல் தொடங்கிய ருவாண்டாவில்தான் 1994-ல் இனப்படுகொலை நடந்தது. ஆலயத்துக்குப் போகிறவர்கள் ஆலயத்துக்குப் போகிறவர்களையே வெட்டினார்கள். தாத்தா காலத்தில் வந்த எழுப்புதலைப் பேரன் நகையைப் போல வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் நடந்ததும் அப்படித்தான். அன்றைக்கு நீங்கள் "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று, அந்தப் பரிசேயனோடு தேவாலயத்துக்கு வந்த ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) ஜெபத்தைத்தான் ஜெபித்திருப்பீர்கள். அந்த ஜெபம் எந்த வாரத்தில் நின்றது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி செய்ய வேண்டியது.

முதலில் அம்மா. அதற்கு நான் வழி சொல்லத் தேவையில்லை. வீட்டில் என்னென்ன பேசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு அந்த அண்ணன். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அலுவலகத்தில் வேண்டாம். ஒரு ஞாயிறு சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். "அண்ணே, அப்பா இறந்தபோது வராமல் இருந்தது பெரிய தப்பு. ஆயுத பூஜை அன்று எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியதும் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். "என் விசுவாசத்தின்படி சொன்னதுதான், ஆனாலும்" என்று இழுக்க வேண்டாம். "அதனால் இயேசு என்ன சொல்கிறார் தெரியுமா" என்று வால் ஒட்ட வேண்டாம். அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். எப்படி இருந்தார், கடைசியில் என்ன நோய், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர் பேசுவார். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள்.

இதை ஆத்தும ஆதாயத்துக்கு ஓர் உபாயமாக வைத்துக்கொண்டு போனால் போகாமல் இருப்பதே மேல். மன்னிப்புக் கேட்பவன் மனதில் தூண்டில் இருந்தால் அது எதிராளிக்கு எப்படியோ தெரிந்துவிடும். அவர் மன்னிக்காமலும் போகலாம், அது அவருடைய உரிமை. நீங்கள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் பேசியதால், அவருக்குச் சம்மதமானால், எல்லார் முன்னாலும் ஒருமுறை வருத்தம் தெரிவிப்பதும் நியாயம். அவரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். அவரை மறுபடி காட்சிப்பொருளாக்கியதாக ஆகிவிடும்.

அப்படியானால் சுவிசேஷம் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும். நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டு, என் நடக்கையே போதும் என்று இருந்துவிடுவதும் இன்னொரு விதமான சுயநீதிதான். அதிலும் கண்ணாடியில் தெரிவது நம் முகம் மட்டுமே. ஆனால் எந்த இடத்தில் நின்று சொல்கிறோம் என்பது இருக்கிறது. குஷ்டரோகியான சீரியச் சேனாதிபதி நாகமான் வீட்டில் வேலை செய்த இஸ்ரவேல் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறைபிடித்துக் கொண்டுபோன வீட்டில் வேலைக்காரி. குஷ்டம் தேவதண்டனை என்று அவள் பிரசங்கித்திருக்கலாம். எஜமானியிடம் அவள் சொன்னது, என் ஆண்டவன் சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடத்தில் போனால் நலமாயிருக்கும் என்பதுதான். அந்த வீட்டின் வேதனை அவளுக்கு வேதனையாக இருந்திருக்கிறது. அதனால் ஒரு சேனாதிபதி ஒரு சிறுமியின் பேச்சைக் கேட்டுப் பயணம் கிளம்பினார். நினிவே பட்டணத்துக்கு அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனாவுக்குச் செய்தி சரியாகத்தான் தெரிந்திருந்தது. நினிவே மனந்திரும்பியபோதோ அவனுக்குக் கோபம் வந்தது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் நாளைக்கே இயேசுவை ஏற்றுக்கொண்டால், சந்தோஷம் அவருக்காக வருமா, நான் சொன்னது சரியாகிவிட்டது என்று வருமா? உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்.

சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். நீங்கள் இரண்டு வருடமாக அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுக்கிறவராகவே இருந்திருக்கிறீர்கள், யாரிடமாவது எதையாவது கேட்டீர்களா? பைக் பழுதானால் கூட வருகிறவர் வண்டியில் பின்னால் உட்காருங்கள். புதிய கணினி மென்பொருள் புரியவில்லை என்றால் பக்கத்து மேசைக்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மேசைதோறும் கைப்பிரதி வைப்பதை நிறுத்திவிடுங்கள். கேட்கிறவருக்கு ஒன்று கொடுத்தால் போதும், அதையும் நீங்கள் முதலில் முழுதாக வாசித்துப் பாருங்கள். சிலவற்றில் இருக்கிற மொழி, கொடுக்கிறவருக்கே வெட்கமாக இருக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் ஒன்று. அவர்களை "அவிசுவாசிகள்" என்று ஜெபக் குறிப்பில் எழுதாமல், பெயர் சொல்லி, அவரவர் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி ஜெபியுங்கள். கஷ்டம் தெரியவில்லை என்றால் விசாரியுங்கள்.

என்றைக்காவது ஒருவர், "தம்பி, நீ முன்னே மாதிரி இல்லையே, என்ன ஆயிற்று" என்று கேட்பார். அப்போது சிகரெட்டை விட்ட கதையைச் சொல்லாதீர்கள். இரட்சிக்கப்பட்ட பிறகும் ஒரு மனிதரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தியதையும், அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாததையும், அதற்குப் பிறகு கிறிஸ்து உங்களை எப்படி எதிர்கொண்டார் என்பதையும் சொல்லுங்கள். "பாவிகளை இரட்சிக்க கிறிஸ்து இயேசு உலகத்தில் வந்தார்" என்று எழுதிய பவுல், "அவர்களில் பிரதான பாவி நான்" என்று நிகழ்காலத்தில் நின்றுதான் எழுதினார். தாவீதும் 51-ஆம் சங்கீதத்தில் தன் மீறுதலை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான், "அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்" என்கிறார்.

முழுநேர ஊழியம் பற்றிய கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். உங்களுக்கு அழைப்பு இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் பத்துப் பேர் வேலை செய்கிற ஓர் அறையில் பேச முடியாமல் போனதால் கிளம்புகிறவர், நூறு குடும்பம் உள்ள சபையில் போய் உட்கார்ந்தால் இதே கதை பத்து மடங்காக நடக்கும், அங்கே எழுந்து போகவும் முடியாது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அது மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும். சபை ஆயரிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள், வருடம் ஒன்று போகட்டும். அந்த அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தாலும் எழுதுங்கள். அடுத்து என்ன என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.